சாமுராயைப் பதிப்பு மாற்றிக் கெடுப்பது எப்படி?

பகலில் தெலங்கானாவின் ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறீர்கள். மாத்திரையின் எடை இம்மி மாறினாலும் சேஞ்ச் கன்ட்ரோல் படிவம் இல்லாமல் நகரவிட மாட்டீர்கள். ராத்திரி ஷாப்பூர் நகர் அறையில் டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை நடத்தும்போது அந்த ஒழுக்கத்தை கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பழைய பதிப்பில் வளர்த்த சாமுராயை ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டுவரச் சொல்லி நண்பர் நிற்கிறார். கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். இனி முறையாகச் செய்யலாம்.

1. நண்பரிடம் எதையும் கேட்காதீர்கள். வாளை உருவும் வேகமா, முறைத்தே எதிரியை நடுங்கவைப்பதா, குலப்பெருமையா, அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் அதை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கேரக்டர் ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்துங்கள்.

2. எண்களை அப்படியே பெயர்த்து வையுங்கள். 3.5 பதிப்பில் 20-ஆம் லெவல் சாமுராய் தாக்கினால் பகடையோடு 20 கூடும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே லெவலுக்குத் தேர்ச்சிப் புள்ளி 6தான். இரண்டையும் கொடுங்கள். புதிய பதிப்பில் முழுத் தகட்டுக் கவசத்துக்கே ஆர்மர் கிளாஸ் (அடி விழத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 18 என்பதால், 1 விழுந்தாலொழிய எல்லாமே வெட்டு. பகடை உருட்டுவது வெறும் சம்பிரதாயம்.

3. நண்பரின் சாமுராய் 1985 காலத்து ஆளா? இன்னும் விசேஷம். அப்போது ஆர்மர் கிளாஸ் குறையக் குறையப் பாதுகாப்பு. தகட்டுக் கவசத்துக்கு 3. மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கிவிட்டது. நீங்கள் கண்டுகொள்ளாமல் 3 என்றே எழுதுங்கள். ஐந்தாம் பதிப்பில் சட்டை போடாதவனுக்கே 10. கவசம் போட்ட வீரரைவிட வெற்றுடம்புக்காரன் பத்திரமாக இருப்பான்.

4. ஒன்றையும் விடாதீர்கள். 2001-இன் ‘ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்’ சாமுராய், பொருள்களைக் காணிக்கையாக்கிக் குலத்து வாள்களின் சக்தியை ஏற்றிக்கொள்வார். 2003-இன் ‘கம்ப்ளீட் வாரியர்’ சாமுராய் இரண்டு வாள் வீசுவார், கத்திக்கொண்டே வெட்டுவார், முறைத்தே பயமுறுத்துவார். 2017-இன் ‘ஸனாதர்ஸ் கைடு’ சாமுராய் போர்வேகம் பிடித்தால் தன் டர்ன் முடியும்வரை தாக்குதலுக்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வார். இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு இடையில் மூன்று முறை. மூன்று பேரையும் ஒரே உடம்பில் ஏற்றுங்கள். மந்திரவாதியாக ஆடுபவர் “எனக்கு என்ன வேலை?” என்று கேட்பார். அரக்கர்களின் ஹிட் பாயிண்டை இரட்டிப்பாக்குங்கள். மந்திரவாதி செத்துப்போவார். அவருக்கும் ஒரு சாமுராய் செய்து கொடுங்கள். அடுத்த மாதம் மேசையைச் சுற்றி ஐந்து சாமுராய்கள், பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

5. கௌரவப் புள்ளிகளை மறக்காதீர்கள். 1985-இன் முதல் ‘ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்’ புத்தகத்தில் அது முக்கிய விதி, 2014 டி.எம். (டங்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டிலும் விருப்ப விதியாக உண்டு. கூட்டும் பகுதியைத் தாண்டிப் போங்கள். கழிக்க மட்டும் செய்யுங்கள். சுசித்ரா சந்திப்பு இரானி ஹோட்டலில் நண்பர் பில் கொடுக்காமல் நழுவினாலும் கழியுங்கள். சாமுராயிடம்தான்.

6. கட்டானாவுக்கு என்று தனி இரவு ஒதுக்குங்கள். அதை லாங்ஸ்வார்டு என்றே வைத்துக்கொள்ளலாம் என்று அதே கையேடு சொல்கிறது. ஏற்காதீர்கள். ஜப்பான் உருக்கைப் பற்றி, மடித்து மடித்து அடிப்பதைப் பற்றி, பார்த்த சினிமாவையெல்லாம் ஆதாரமாக வைத்துப் பேசிப் பன்னிரண்டு பக்கப் பகடை வாங்கிக்கொடுங்கள். இதே தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் வார்த்த உருக்கைத் தேடிப் பாரசீக வணிகர்கள் வந்த கதையை யாராவது எடுத்தால், “சப்ஜெக்டுக்கு வா” என்று அதட்டுங்கள்.

7. 2008-இன் நான்காம் பதிப்பு நடக்கவே இல்லை.

8. மாற்றியதை எங்கும் எழுதி வைக்காதீர்கள். தொழிற்சாலையில் பேட்ச் ரெக்கார்டு இல்லாத மாத்திரை குப்பைக்குப் போகும். இங்கே அதற்கு ஹவுஸ் ரூல் என்று பெயர். போன வாரம் 26 கூட்டியவர் இந்த வாரம் 11 கூட்டட்டும். சண்டை வந்தால் டி.எம். தீர்ப்பே இறுதி, டி.எம். நீங்கள்தான்.

9. கடைசியாக ஒரு ரகசியம். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் நான்கு ஃபைட்டர் வகைகளில் சாமுராய் இல்லை. ஆனால் ஃபைட்டருக்குச் சிறப்புத் திறன் வரும் லெவல்கள் 3, 7, 10, 15, 18. 2017 சாமுராய்க்கும் அச்சு அசலாக அதே 3, 7, 10, 15, 18. ஒரு வரிகூடத் திருத்தாமல் இன்று ராத்திரியே எடுத்து ஆடலாம். நண்பர் காதில் மட்டும் இது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.