உமி தெறித்த கண்ணுக்கு எத்தனை கிரெடிட்?

ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளுக்கான தொடர் கல்விக் கருத்தரங்கின் அழைப்பிதழை நீங்கள் பார்த்ததில்லையென்றால் நஷ்டமில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்திருந்தால் போதும். நட்சத்திர ஓட்டல், குளிரூட்டிய அரங்கு, குத்துவிளக்கு, பொன்னாடை. தாய்மாமன் ஸ்தானத்தில் லென்ஸ் கம்பெனி. நாள் முழுக்க நடக்கும் வைபவத்தில் கணினி முன் உட்காருவோரின் கண் உலர்வு பற்றி ஒரு உரை, பிள்ளைகளின் கிட்டப்பார்வையை மட்டுப்படுத்தும் லென்ஸ் பற்றி ஒரு உரை. விலை கூடிய ப்ரோக்ரெசிவ் கண்ணாடியை வாடிக்கையாளருக்குப் 'புரிய வைப்பது' எப்படி என்று இரண்டு உரை. மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். சான்றிதழில் கிரெடிட் எத்தனை என்று அச்சிட்டிருக்கும். ஆக, கண்நோய் மேலாண்மையில் அறிவு புதுப்பிக்கப்பட்டாயிற்று.

அந்தப் பாடங்கள் வீண் என்று சொல்லவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டுதான் போகிறது. நான் கேட்பது வேறு. இந்த நிகழ்ச்சி நிரலில் ஜவ்வாது மலை எங்கே வருகிறது? ஏன் வராது, மறுநாள் சுற்றுலாவில் வரும். பீமன் அருவி, ஜமுனாமரத்தூர் படகுத்துறை, வாய்த்தால் கோடை விழா. குழுப்படம் எடுக்க மலை நன்றாகத்தான் இருக்கும்.

படத்துக்குள் வராத மலையில் சாமை விளைகிறது. கதிரடிக்கும்போது உமி தெறித்து ஒரு பெண்ணின் கண்ணில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரடித்துக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்கிறாள். கூலி நாள் அது. மூன்றாம் நாள் கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறது. பஸ் பிடித்து இறங்கினால் போளூரில் மருந்துக்கடை. கடைக்காரர் கண்ணைப் பார்க்கமாட்டார், சிவப்பைத்தான் பார்ப்பார். எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட மறுநாளே சிவப்பு வடியும், வலி குறையும். "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். உமியோடு போன பூஞ்சைக்கும் அது நல்ல மருந்துதான். கண்ணின் எதிர்ப்புச் சக்தியைப் படுக்கவைத்துவிட்டுப் பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். சில வாரங்களில் கருவிழியில் பூ விழும். அந்தப் பூவை எந்தச் சொட்டு மருந்தும் எடுக்காது.

இதைத் தடுக்க என்ன வேண்டும்? விண்கலம் வேண்டாம். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு சின்னக் காகிதப் பட்டை போதும். நுனியை நனைத்துக் கீழிமையின் உள்ளே தொட்டு எடுத்துவிட்டு, நீல விளக்கைப் பிடித்தால், கீறல் இருக்குமிடம் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். புண்ணின் விளிம்பு இறகு மாதிரி பிசிறடித்திருக்கிறதா, பக்கத்தில் குட்டிப் புள்ளிகள் முளைத்திருக்கின்றனவா, கருவிழிக்குப் பின்னால் சீழ் கோடு கட்டி நிற்கிறதா என்று பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பூஞ்சைச் சந்தேகம் அங்கேயே வந்துவிடும். "ஸ்டீராய்டை நிறுத்து, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்ல அது போதும். எந்த மருந்து என்பதிலும் குழப்பமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வொன்று, இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு விலை கூடிய வோரிகோனசோலைவிட நேட்டமைசின் சொட்டுதான் மேல் என்று 2013-இலேயே சொல்லிவிட்டது.

இதைவிடக் கோபம் வரவைக்கும் சங்கதி ஒன்று உண்டு. மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு அது. ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனுக்குடன் கண்டுபிடித்து, மூன்று நாள் களிம்பு போட வைத்தார்கள். 300-க்கும் மேற்பட்ட கண்கள். ஏறக்குறைய எல்லாமே சிக்கலில்லாமல் ஆறின. கண் மருத்துவர் வரவில்லை, லேசர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அவ்வளவுதான். நம் மாநிலத்தில், நம் வயலில், நம் உமியில் நிரூபித்த வைத்தியம். அதற்கு எந்தக் கம்பெனியும் ஸ்பான்சர் செய்யாது. களிம்புக் குழாயின் விலையில் குத்துவிளக்குக்கு எண்ணெய் கூட வாங்க முடியாதே!

மலையில் கண்ணை முதலில் பார்க்கிறவர் கண் மருத்துவ உதவியாளர் அல்லது முகாமுக்கு வரும் ஆப்டோமெட்ரிஸ்ட். அவருக்குக் கிடைக்கும் தொடர் கல்வி என்ன? கூட்டத்துக்குக் கூப்பிட்டால், எத்தனை புரை அறுவை, எத்தனை இலவசக் கண்ணாடி, பதிவேட்டில் ஏற்றியாயிற்றா என்ற கேள்விகள். இலக்கை எட்டினால் கைத்தட்டல், எட்டாவிட்டால் மெமோ. புரை முக்கியமில்லையென்று யார் சொன்னது? 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயது தாண்டியோரின் பார்வையிழப்புக்கு 66.2 சதவீதம் காரணம் புரைதான். ஆனால் புரை காத்திருக்கும். இன்று எடுக்காவிட்டால் அடுத்த மாதம் எடுக்கலாம். பூஞ்சைப் புண் ஒரு வாரம் காத்திருக்காது. இலக்குப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமாவது இருக்கிறதா?

சர்க்கார் தூங்கிவிட்டது என்று அவதூறு பேசக் கூடாது. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. 2020-க்குள் தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பே இருக்காது என்று 1999-இல் உலகமே கூடிச் சபதம் எடுத்தது. 2020 வந்தது, போனது. ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளையும் சேர்த்து ஒழுங்குபடுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மூன்று வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம், "போட்ட சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள்" என்று 2024-இல் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்துக்கும் கண் உலர்வு போலிருக்கிறது.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்குச் சாட்சி சொன்ன தொலைநோக்கிகளில் ஒன்று இங்கே இருந்தது. 1986-இல் 2.34 மீட்டர் கண்ணாடியோடு பெரிய தொலைநோக்கியைப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். 300 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்க்க இந்த மலைக்கு ரோடு போட முடிந்தது, கரன்ட் இழுக்க முடிந்தது. அதே மலைத்தொடரில், அணைக்கட்டுப் பக்கம் அல்லேரியில், 2023-இல் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தாள், ரோடு இல்லாததால். உயிர் போனதற்கே அந்த மரியாதை என்றால் ஒரு கண்ணுக்கு என்ன கிடைக்கும்?

"பழங்குடி மக்கள் பச்சிலை பிழிகிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் ஸ்லைடு போடுகிறவர்களே, ஒன்று கேட்கிறேன். பச்சிலை கெடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாற்றாக அந்த ஊரில் நீங்கள் வைத்தது என்ன?

அந்த 2021 சட்டத்தின்படி தொடர் கல்வியின் மணிக்கணக்கை நிர்ணயிக்கப்போகும் கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம். முதல் 10 மணி நேரத்தைக் கருவிழிக் கீறலுக்கும் புண்ணுக்கும் கட்டாயமாக ஒதுக்குங்கள். வகுப்பை ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அறுவடை சமயத்தில் வையுங்கள். தேர்வு எழுத்தில் வேண்டாம். சாயப் பட்டையும் நீல விளக்கும் கையில் கொடுத்து, வரிசையில் நிற்கும் கண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணைக் கண்டுபிடிக்காதவருக்கு அந்த வருஷம் கிரெடிட் கிடையாது. லென்ஸ் கம்பெனிகள் வரலாம், தடையில்லை. பஸ்ஸில் வரட்டும், சாப்பாடு கட்டிக்கொண்டு வரட்டும்.