ஏறினால் எட்டு, இறங்கினால் பதினாறு

ஜவ்வாது மலையில் பழைய சுமோ வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அவரிடம் நலம் விசாரித்தால் வண்டியின் நலத்தைச் சொல்வார். "என்னத்த இருக்கேன் தம்பி, எட்டுதான் குடுக்குது." மகன் பிளஸ் டூவில் வாங்கிய மார்க் மறந்திருக்கும். போன தீபாவளிக்கு வண்டி கொடுத்த மைலேஜ் மறக்காது.

வண்டியைப் பழித்தால் மட்டும் பொறுக்கமாட்டார். 1994-இல் வந்த சுமோவுக்கும் ஜப்பான் மல்லர்களுக்கும் சம்பந்தமில்லை, டாடாவின் டெல்கோ நிறுவனத்தை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் பெயரைச் சுருக்கி வைத்தது என்பார். 2019-இல் உற்பத்தி நின்றதைச் சொல்லும்போது குரல் கம்மும்.

எட்டு ஏன் என்பதற்கு அவரிடம் ஆண்டுக்கொரு குற்றவாளி உண்டு. முதலில் ஏர் ஃபில்டர். அதைத் தட்டினால் அரைப்படி புழுதி கொட்டியது. அடுத்தது நாசில். அப்புறம் தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூடாகிறதென்று எந்தக் காலத்திலோ கழற்றி எறிந்தது. அன்று முதல் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல், மலைக்குளிரில் குளிர்காய்வதற்கும் சேர்த்து டீசல் குடித்துக்கொண்டிருந்தது.

நடுவில் அம்சமாக இருக்கட்டுமென்று பெரிய டயர் மாட்டினார். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளும். மீட்டரோ பழைய கணக்கையே எழுதும். பக்கத்துக் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ராமானுஜன் என்று பெயரும் வைத்தார்கள். இவர் தொலைத்த கிலோமீட்டர்களைத் தேடத்தான் அங்கே ஆளில்லை.

கேரியர் மேல் இதுவரை சந்தேகம் விழுந்ததில்லை. அதில் இரண்டு சாமை மூட்டையும் பருவத்துக்கேற்ற பலாப்பழமும் இருக்கும். உள்ளே ஒன்பது பேர். "அதெல்லாம் வெயிட்டா?"

போளூர் மெக்கானிக் போன மாதம் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அரைச்சுற்றில் நின்றது. பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. அதைச் சரிசெய்தும் ஏற்றத்தில் பழைய எட்டேதான், ஏனென்றால் பிரேக் விட்டாலும் மலை விடாது. இரண்டு டன்னை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே தனியாக ஒரு லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும்.

வண்டிக்காரர் நம்புவது வேறு கணக்கு. கேனில் கொண்டுபோன டீசலை மேலே டேங்க் வழிய ஊற்றி இறங்குவார், போளூர் பங்கில் மறுபடி நிரப்புவார். பதினாறு! அதுதான் வண்டியின் பிறவிக்குணம். எட்டு இடையில் வந்த சீக்கு.

"எட்டும் பதினாறும் சேர்ந்தா இருபத்திநாலு. பாதி பன்னண்டு. அதாவது வருதே தம்பி?"

"வராதுண்ணே. ஏற நாப்பது கிலோமீட்டருக்கு அஞ்சு லிட்டர், இறங்க ரெண்டரை. எண்பதை ஏழரையால வகுங்க. பத்தே முக்கால்கூட இல்ல."

டீ ஆறும்வரை யோசித்தார்.

"இறங்கும்போது குடுக்கிற வண்டிக்கு, ஏறும்போது குடுக்க என்ன கேடு? நாசிலை இன்னொரு தடவை பாரு."