காற்றை நம்பிய டீசல்

அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர் எட்டிப் பார்த்ததும், பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தும் கூட்டமொன்று புளோரிடாவுக்குக் கிளம்பிவிடும். நடுக்கடலில் அல்ல, கரையை ஒட்டிய உள்நீர்வழியில். வர்ஜீனியாவின் நார்போக்கில் மைல் கணக்கு 0. மயாமி ஏறத்தாழ 1,090 மைல். சுதந்திரப் பறவைகள்தான், ஆனால் பறக்கும் தேதியைக் காப்பீட்டு ஒப்பந்தம் சொல்லும். புயல் பருவம் தணியாமல் தெற்கே இறங்கினால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

காற்றை நம்பி வாழ்கிறோம் என்பார்கள். குறுகிய கால்வாயில் பாயை விரித்தால் கரையேற வேண்டியதுதான் என்பதால், பாதி வழிக்கு மேல் டீசல் இன்ஜின்தான் இழுக்கும்.

பாலங்கள் தனிக் கூத்து. திறக்காத பாலங்களுக்கு 65 அடி உயரம் என்பது பொதுக்கணக்கு. 64 அடிப் பாய்மரக்காரர் ஒவ்வொரு பாலத்தடியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் தலையைக் குனிந்துகொள்வார். உச்சியிலிருக்கும் ஆண்டெனா உத்தரங்களில் 'டிக், டிக்' என்று உரசிக்கொண்டே போகும். மயாமியின் ஜூலியா டட்டில் பாலமோ வெறும் 56 அடி. அவர் அதற்கு முன்பே கடலுக்குப் போயாக வேண்டும். திறக்கும் பாலங்கள் பலவற்றுக்கு அரை மணிக்கு ஒரு முறைதான் மனமிரங்கும். இரண்டு நிமிடம் பிந்தினால் அங்கேயே வட்டமடிக்கலாம்.

ஜார்ஜியாவில் கடல் ஏழெட்டு அடி ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் சேற்றில் தட்டினால், அடுத்த ஏற்றம் வரை சாய்ந்த படகில் சாய்ந்தே காபி குடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அக்கறையாகக் கையசைப்பார், படமும் எடுப்பார்.

போகிற எண்ணமிருந்தால் ஓத அட்டவணையை முதலில் வாங்குங்கள். பாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.