கியூப் அங்கிள்

ஐம்பதை நெருங்கும் ஆண்களில் சிலரைச் சர்க்கரை பிடிக்கும், சிலரை மாரத்தான் பிடிக்கும். இரண்டிலும் தப்பியவர்களில் ஒரு பகுதியை ரூபிக்ஸ் கியூப் பிடித்துக்கொள்கிறது. அபார்ட்மென்ட் லிஃப்டில், வங்கி வரிசையில், கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்று எங்கேயும் எதையோ கிரிச் கிரிச்சென்று திருகிக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுக்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அது விஷ்ணு சகஸ்ரநாமம் அல்ல. "ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம்".

தொற்று பெரும்பாலும் பரணிலிருந்து இறங்குகிறது. போகிக்கு ஒட்டடை அடிக்க ஏறியவர், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் அதைக் கண்டெடுப்பார். எண்பதுகளில் சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்ததாகவோ, அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாகவோ இருக்கும். அந்த வயதில் அதைச் சேர்க்க அவருக்கு இரண்டு வழிதான் தெரியும்: ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டுவது, இல்லாவிட்டால் ஸ்பூன் காம்பால் நெம்பிக் கழற்றி மாட்டுவது. ஆனால் கல்யாணமான புதிதில் மனைவியிடம், "எங்க தெருவுலேயே இதைச் சேர்த்தவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அதை மெய்ப்பித்தாக வேண்டும்.

கழற்றி மாட்டியதில்தான் வினை. துண்டுகளைக் கண்டபடி மாட்டினால், பிறகு திருகியே சேர்க்கக்கூடியதாக அது அமைய பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். மற்றதெல்லாம் சரியாக இருந்து, ஒரே ஒரு மூலை மட்டும் இருந்த இடத்திலேயே புரண்டு உட்கார்ந்திருந்தால், கண்டுபிடித்தவரே வந்தாலும் சேராது. இது தெரியாமல் ராத்திரி பகலாக மல்லுக்கட்டுவார். கடைசியில் எட்டாவது படிக்கும் மகள் ஒரு நிமிஷம் திருகிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஒரு கார்னர் ட்விஸ்ட் ஆகியிருக்கு. சின்ன வயசுல கழட்டினீங்களா?" என்பாள். அப்பாவுக்குத் திடீரென்று டிவியில் ஓடும் வானிலை அறிக்கை முக்கியமாகிவிடும்.

புதிதாக ஒன்று வாங்கி, யூடியூப் பார்த்து, அடி வரிசை, நடு வரிசை, மேல் வரிசை என்று ஒருவழியாகச் சேர்த்தும் விடுவார். போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். மைத்துனர் கட்டைவிரலை உயர்த்துவார். கூடவே கொஞ்சம் வரலாறும் வரும்: 1974-இல் புடாபெஸ்டில் இதை உருவாக்கிய எர்னோ ரூபிக்குக்கே, தான் கலைத்ததைத் திரும்பச் சேர்க்க ஒரு மாதம் போல் பிடித்தது. மொத்தம் 4.3 லட்சம் கோடி கோடிக்கு மேல் நிலைகள் உண்டு. எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 20 திருப்பங்களில் சேர்த்துவிடலாம் என்று 2010-இல் கணினிகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள். அங்கிளுக்கு நூற்றுக்கு மேல் ஆகிறது என்பதை மட்டும் குழுவில் போடமாட்டார்.

அதோடு நின்றால் குடும்பம் பிழைத்தது. அவர் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறக்கிறார்.

ஒரு நிமிஷம் பத்து நொடி. குற்றவாளி யார்? கியூப்தான். உள்ளே காந்தம் பதித்தது, இழுவையைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடியது என்று சில ஆயிரம் ரூபாய்க்கு வேறொன்று வரும். வீட்டில் விலை கேட்டால் பூஜ்யம் ஒன்று குறையும். நேரம் மட்டும் குறையாது. ஆக, எண்ணெய்தான் சரியில்லை. 1981-இல் மியூனிக்கில் நடந்த போட்டியில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய கியூபை 38 நொடியில் சேர்த்து ஜெயித்தார்கள் என்று எங்கோ படித்தார். அன்றைக்கே குளிர்காலத்து உதட்டுக்கென்று மனைவி வைத்திருந்த டப்பா காலி. அதற்கு முன் தேங்காயெண்ணெய் முயன்று, மார்கழிக் காலையில் அது உறைந்து, கியூப் கல்லாக நின்றது தனிக்கதை.

மேலே அவர் முணுமுணுத்த 'ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம்' என்ற நான்கு திருப்பங்களுக்கு உலகம் முழுக்கக் கியூப் பசங்கள் வைத்திருக்கும் பெயர் 'செக்ஸி மூவ்'. அங்கிள் அதைக் கற்ற வீடியோவில் ஒரு பொடியன் வாக்கியத்துக்கு வாக்கியம் அதைச் சொன்னபோது, ஹாலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஹெட்போன்.

உண்மையில் குறை எண்ணெயிலும் இல்லை, விரலிலும் இல்லை. வேகக்காரர்கள் பலரும் பின்பற்றும் ஃப்ரிட்ரிக் முறையில் ஏறத்தாழ 60 திருப்பங்கள். நொடிக்கு இரண்டு என்று சாவதானமாகத் திருப்பினாலும் முப்பதே நொடி. இந்த முறைக்கு மாறிய பிறகும் அங்கிளுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது என்றால், பாதி நேரம் அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஜோடியைப் பொருத்துவார், நிற்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், அடுத்த பச்சையைத் தேடி கியூபைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் புரட்டுவார். தெரிந்தவர்கள் கை ஒன்றைச் செய்யும்போதே கண் அடுத்ததைத் தேடிவிடும். கடைசி அடுக்குக்கான சூத்திரங்கள் 57-ம் 21-மாக 78. அங்கிள் அவற்றை அச்செடுத்துப் பீரோவில் ஒட்டியிருக்கிறார். ஒட்டியதோடு சரி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. உலக கியூப் சங்கத்தின் விதிப்படி வயது வரம்பு கிடையாது. நாற்பது தாண்டியவர்களுக்கென்று அதிகாரபூர்வமற்ற தரவரிசைகூட உண்டு என்பதையும் பார்த்து வைத்திருக்கிறார். அரங்கத்து வாசலில் தன்னார்வலர் ஒருவர், "பேரன்ட்ஸ் எல்லாம் மாடியில உட்காரலாம் சார்" என்று கைகாட்டுவார். நெஞ்சில் குத்திய அடையாள அட்டையைத் தடவிக் காட்ட வேண்டியிருக்கும்.

மேசைக்கு எதிரே நடுவர். வயது பன்னிரண்டு இருக்கலாம். கலைத்த கியூபைப் பார்க்க 15 நொடி. நடுவர் "எயிட் செகண்ட்ஸ்" என்பார். அங்கிள் இன்னும் வெள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார். "ட்வெல்வ் செகண்ட்ஸ்" என்றதும் இரண்டு கையையும் டைமரில் வைப்பார். வாங்கின காபி டம்ளர்போல் கை நடுங்கும். முடித்து டைமரைத் தட்டும்போது மேல் அடுக்கு பாதியில் கோணி நின்றால், இரண்டு நொடி அபராதம். ஐந்து முறை இப்படி. நல்லதும் மோசமும் போக நடு மூன்றின் சராசரி, ஐம்பத்தொரு நொடிச் சொச்சம். பக்கத்து மேசையில் ஒரு வாண்டு பதினொன்றில் முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறது. 2025 ஏப்ரலில் ஷுவான்யி கெங் என்ற சீனச் சிறுவன் 3.05 நொடியில் முடித்தபோது அவனுக்கு வயது ஏழு. அந்தச் செய்தியை அங்கிள் வாட்ஸ்அப் குழுவில் பகிரவில்லை.

வெளியே வந்ததும் அந்த வாண்டையே பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்கிளுக்கு ஏன் டைம் குறைய மாட்டேங்குது?"

பையன் அவர் கியூபை வாங்கி ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரொம்ப வேகமாத் திருப்பறீங்க அங்கிள். மெதுவாத் திருப்பிக்கிட்டே அடுத்த பீஸைப் பாருங்க. நிக்காம போகும்" என்றான். அசல் வேகக்காரர்கள் சொல்லும் ஆலோசனையும் அதேதான்.

அங்கிள் பயபக்தியோடு தலையாட்டினார். பையனை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி தம்பி, நீ என்ன எண்ணெய் போடறே?"