பெரியப்பா பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தது

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ கருமாதியோ, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். 1983. அப்பாவின் பெட்ஃபோர்ட் லோரி கிள்ளான் மேரு சாலையில் நின்றுபோகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரியப்பா ஹோண்டா கப்பில் வந்து இறங்குகிறார். இஞ்சினில் காதை வைக்கிறார். "டேங்க்ல பாருடா" என்கிறார். பத்தே நிமிடம்!

எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. டார்ச் லைட் பிடித்தவன் நான். மூன்று நாள் ஆனது.

பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1957இல் மலாயா ரயில்வேக்கு இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் இஞ்சின்கள் வந்து இறங்கிய காலத்தில் செந்தூல் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, ஃபிட்டராக உயர்ந்தவர். குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவரைப் பொறுத்தவரை ரயில் இஞ்சின்தான் இஞ்சின். லோரி என்பது கொஞ்சம் பெரிய தையல் மெஷின்.

லோரியின் கோளாறு விசித்திரமானது. காப்பார் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பும். பதினைந்து நிமிடம் சமர்த்தாக ஓடும். அப்புறம் மூச்சு வாங்கும். கியரைக் குறைத்தாலும் இழுக்காது, இருமி இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

"டீசல் பிரஷர் பத்தல" என்றார் பெரியப்பா. அதைச் சொல்ல உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது. ஏன் பத்தவில்லை என்பதற்குத்தான் மூன்று நாள்.

முதல் நாள் லிஃப்ட் பம்ப். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளிவிடும் சின்னப் பம்ப் அது. உள்ளே ஒரு ரப்பர் டயாப்ரம், இரண்டு வால்வு, அவ்வளவுதான். டயாப்ரம் கிழிந்தால் இஞ்சினுக்குப் பட்டினி. பெரியப்பா அதைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, மறுபக்கத்தை விரலால் அடைத்துப் பார்த்து, டீசலைத் துப்பிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நன்றாக இருந்ததைக் கடாசிவிட்டுப் புதுசு போட்டார். லோரி பதினைந்து நிமிடம் ஓடி நின்றது.

இரண்டாம் நாள், "எங்கயோ காத்து இழுக்குது." உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. செப்பு வாஷர்களை அடுப்பில் பழுக்கக் காட்டி இளக்கி மறுபடி மாட்டினார். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்திக்கொண்டு, "அடிடா" என்பார். நான் பம்பின் கை லீவரை அடிக்க அடிக்க, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும். என் கட்டைவிரல் கொப்புளித்ததும் லோரி ஸ்டார்ட் ஆனது. பதினைந்து நிமிடம்.

மூன்றாம் நாள்தான் ஞானம் வந்தது. ஒரு டின் டீசலைக் கேபின் மேல் கயிற்றால் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாயை இறக்கினார். "லோரிக்கு டிரிப் ஏத்துறேன்." ஒரு மணி நேரம் ஓடியது, இருமல்கூட இல்லை. அப்படியானால் பம்பில் தப்பில்லை, அதற்கு முன்னால்தான். டேங்கை இறக்கிக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து கட்டம் போட்ட துணி ஒன்று நழுவி விழுந்தது. கோப்பி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது உங்க கைலிதானே?" என்றார்.

டேங்க் மூடி தொலைந்துபோய், அப்பா கிழிந்த கைலித் துண்டை அடைத்து ஓட்டியிருக்கிறார். அது உள்ளே விழுந்ததும் புது மூடி வாங்கி மாட்டிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். இஞ்சின் உறிஞ்ச உறிஞ்சத் துணி வந்து குழாய் வாயில் ஒட்டும், நின்றதும் விலகிவிடும். மூன்று நாளும் அண்ணனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாரே, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் காலத்து ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001இல் திறந்த கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. லோரித் தொழில் என் அண்ணன் மகன் கைக்கு வந்துவிட்டது. அவனிடம் இருப்பது பழைய ஜப்பான் மூன்று டன் லோரி, காமன் ரெயில் இஞ்சின். கிள்ளானில் சரக்கு ஏற்றி பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போடுகிறான். 2025இல் அது கூட்டரசு நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கியது. கால் மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆனது.

பட்டறையில் யாரும் எதையும் வாயில் வைக்கவில்லை. போமன் பையன் கம்ப்யூட்டரைச் சொருகினான். பி0087 என்று வந்தது. அதாவது ரெயிலில், நாசல்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயில், பிரஷர் பத்தவில்லை. பெரியப்பா காதை வைத்துச் சொன்னதேதான். ஆனால் விஷயம் எங்கேயோ போய்விட்டது. பெட்ஃபோர்டின் லிஃப்ட் பம்ப் ஒரு பார்கூடக் கொடுக்காது. காமன் ரெயிலில் 1,600 பார் வரை ஏறும். லோரி டயரில் இருப்பதே 7 பார்தான். இந்தக் கணக்கைக் கேட்டால் யாருக்குமே பயம் வரும். பயந்தவனிடம் சாமான் விற்பது சுலபம். ஃபில்டர் மாற்றினார்கள். பம்பின் கட்டுப்பாட்டு வால்வு மாற்றினார்கள். 2,300 வெள்ளி. லோரி பதினைந்து நிமிடம் ஓடியது. "போஸ், ஹை பிரஷர் பம்பு ரோசாக் லா, நாசலும் நாலு மாத்தணும்" என்றான். 9,000 வெள்ளி.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு டின் டீசலும் இரண்டு மீட்டர் கண்ணாடி மாதிரிக் குழாயும் கொண்டுபோனேன். "அங்கிள், இது காமன் ரெயில்" என்றான் பையன், மரியாதையாகத்தான். 1,600 பாருக்கும் டீசல் அந்த டேங்கிலிருந்துதானே தம்பி வரணும் என்றேன். டின்னிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் ஓடியது. டேங்கைத் திறந்தால், உறிஞ்சு குழாயின் வலையில் கறுப்பாய், வழுவழுவென்று, கஞ்சி ஆடை மாதிரி.

அண்ணன் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஒரே நாளில் தாவியது. ஏறப்போகிறது என்ற பேச்சு முன்பே இருந்ததால், இவன் 200 லிட்டர் தோங் இரண்டை ரொப்பி வீட்டுப் பின்னால் வைத்திருக்கிறான். சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்டேன், பதில் இல்லை. இன்னும் ஏறட்டும் என்று பத்து மாதம் காத்திருந்தானாம். 3.35 கணக்கில் மிச்சம் 480 வெள்ளி.

சாலையில் ஓடும் வண்டிகளுக்கு 2019 முதல் இங்கே விற்ற சாதாரண டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. அது வெறும் டீசலைவிட அதிகம் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அடியில் தங்கினால் கிருமி குடியேறிப் பாசிபோல் படியும். அப்பாவின் லோரி செம்பனையை முதுகில் சுமந்தது. பேரனின் லோரி அதையே குடித்து விக்கியது.

டேங்கைக் கழுவி, வலையைத் துடைத்து, பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். 85 வெள்ளி.

தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணன் மகன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "கம்ப்யூட்டர்காரனுங்க ரெண்டு வாரம் திணறுனானுங்க. சித்தப்பா வந்தாரு, காதை வச்சாரு, டேங்க்ல பாருடான்னாரு. பத்தே நிமிஷம் லா!"

தோங் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. காதை வைக்கவில்லை என்று நானும் சொல்லவில்லை.