மை ஹாபி ஈஸ் கார்டனிங்

1985-இல் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே பொழுதுபோக்குதான்: தோட்டக்கலை. ஆங்கிலப் பரீட்சையில் 'மை ஹாபி' என்று கட்டுரை கேட்பார்கள் என்பது எங்கள் ஊர் பாகூரில் ஐப்பசி மழையைவிட நிச்சயம். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போடுவார். நாங்கள் மனப்பாடம் செய்வோம். என் வீட்டின் பின்புறம் ஒரு சிறு தோட்டம் உண்டு, ரோஜாவும் மல்லிகையும் வளர்க்கிறேன், அது மனத்துக்கு இன்பமும் உடலுக்கு நலமும் தருகிறது, இத்தியாதி.

இதை எழுதியவர்களில் பாதிப் பேர் அன்று விடியற்காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கெண்டைக்காலில் சேறு காய்வதற்குள் பள்ளிக்கு ஓடிவந்தவர்கள். புதுச்சேரிக்கே நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். ஆனால் ரோஜா வளர்த்தால் பத்து மதிப்பெண். நெல் வளர்த்தால் தாமதமாக வந்ததற்கு முட்டி போட வேண்டும்.

உண்மையான பொழுதுபோக்குகள் பள்ளிக்கு வெளியே கிடந்தன. தென்பெண்ணையின் தண்ணீர் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும். புதுத்தண்ணீர் வந்த அன்று வருகைப் பதிவேட்டில் பாதி வகுப்பைக் காணாது. தூண்டில் முள்ளில் மண்புழு கோப்பது, வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடிப்பது, கெளுத்தி முள் குத்தாமல் அதைத் தூண்டிலிலிருந்து கழற்றுவது எல்லாம் தெரிந்தவனுக்குக் கணக்கில் லசாகு தெரியாது. லசாகுவுக்குத்தான் பிரம்பு.

எனக்குத் தபால்தலைப் பித்து. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் உண்டு. பிரான்சிலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தால் உறை எனக்கு. பிரெஞ்சுத் தபால்தலையில் இருக்கும் பெண் முகம் மரியான் என்பதும், அந்த நாட்டுக் குடியரசின் சின்னம் என்பதும் அப்போது தெரியாது. எங்களுக்கு அவள் வெள்ளைக்காரம்மா. ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு இரண்டு கோலிக்குண்டு மாற்று. கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் கண்ணில் பட்டது. நோட்டும் போயிற்று, முதுகும் வீங்கியது. அதே பருவத்தேர்வில் தபால்தலை சேகரிப்பவரை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பார்கள் என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தது. சரியாக எழுதி, அந்த ஒன்றையும் வாங்கினேன்.

குயவர் வீட்டுப் பையன் ஒருவன் எங்களோடு படித்தான். கையில் கொஞ்சம் களிமண் கிடைத்தால் போதும், காளை மாடு எழுந்து நிற்கும். "படிக்கலைன்னா பானை செய்யத்தான்டா போவணும்" என்று அவனுக்குத் தனி அர்ச்சனை. மற்றவர்களுக்கு மாடு மேய்க்கும் வேலை ஒதுக்கப்பட்டிருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் வந்து தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் தொழில் பழக வேண்டும் என்கிறது. புதுச்சேரி அரசு மாதத்தின் கடைசி வேலை நாளையே பையில்லா நாளாக்கிவிட்டது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பானை செய்யப் போய்விடுவாய் என்று அந்தக் குயவர் வீட்டுப் பையனை மிரட்டினார்கள். இன்று பானை செய்வதைப் பார்க்கப் பிள்ளைகளைப் பஸ் வைத்து அழைத்துப்போகிறார்கள்.

பாடத்திட்டமும் மாறியது. 2023-24-இல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் சிபிஎஸ்இக்குப் போயின. என் கடைசித் தங்கையின் மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு 'கௌஷல் போத்' என்று ஒரு புத்தகம். ஆண்டுக்கு மூன்று செய்முறைத் திட்டங்கள்: உயிர்களோடு ஒன்று, பொருள்களோடு ஒன்று, மனிதர்களுக்கான சேவையாக ஒன்று. பள்ளிக் காய்கறித் தோட்டம், பல்லுயிர்ப் பதிவேடு, பள்ளி அருங்காட்சியகம், நெருப்பில்லாச் சமையல். புத்தகம் நல்ல புத்தகம்தான். எங்களுக்குக் கிடைத்திருந்தால் ஏரிக்கரையில் சுற்றியதற்கே முதல் வகுப்பில் தேறியிருப்போம். பிள்ளைகளிடம் அது வந்து சேரும் வழியில்தான் ரிப்போர்ட் நோட்டாக மாறிவிடுகிறது.

தோட்டத் திட்டத்துக்காக வீட்டில் வளர்ப்புப் பையும் தென்னை நார்த்தூளும் பாண்டியிலிருந்து வாங்கிவந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கால் காணி நிலம் இருக்கிறது. என் அம்மாவுக்கு இது விளங்கவில்லை.

"கொல்லையில கீர மொளைச்சிக் கெடக்குது. அதப் பறிச்சாந்து குடுத்தா மார்க் போட மாட்டாங்களாடி?"

"மார்க் இல்ல ஆயா, கிரேடு. வெத போட்டதுலேர்ந்து ஃபோட்டோ வேணும்."

மூன்றாம் நாள் கோழி கிளறிவிட்டது. மறுபடி விதைத்து, தேதியை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டார்கள். ராத்திரி ரிப்போர்ட் எழுதும் வேலை எனக்கு வந்தது. முடிவுரைக்கு வார்த்தை தேடும்போது மனத்துக்கு இன்பம், உடலுக்கு நலம் என்று அந்த ஆங்கில வாக்கியம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. ஏ கிரேடு கிடைத்தது.

அருங்காட்சியகத் திட்டத்துக்கு மரக்காலும் படியும் கொண்டுபோனாள். கூடவே ஊர் வரலாறு ஒரு பக்கம் கேட்டார்கள். எங்கள் ஊர்ச் செப்பேட்டைச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கிடைத்த செய்தி அதில் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகளுக்கு என்ன பொழுதுபோக்கு என்று செப்பேடு சொல்லவில்லை. வாத்தியார்கள் பறிமுதல் செய்திருப்பார்கள். பக்கத்திலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று இந்தியாவோடு சேர 170 பேரும், வேண்டாமென்று 8 பேரும் வாக்களித்ததையும் எழுதச் சொன்னேன். "அந்த எட்டுப் பேரு யாரு மாமா?" என்று அவள் கேட்டதற்கு ரிப்போர்ட்டில் இடம் இல்லை.

ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. தலையைத் தூக்காமலே அது கடலூர் போகும் எந்தத் தனியார் வண்டி என்று பெயர் சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். இரண்டும் சரி. உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். பின்பக்கங்களில் எங்கள் பக்கம் ஓடும் பஸ்கள் வரிசையாக: முகப்பு எழுத்தின் வளைவு, கண்ணாடியில் தொங்கும் குஞ்சம், எந்த வண்டி எத்தனை மணிக்கு, ஹாரன் எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று அவளே வகுத்த ஒரு குறியீட்டு முறை. எந்தப் பாடநூலிலும் இப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை.

"இத டீச்சர் கிட்ட காட்டேம்மா."

"ஐயோ, வேணாம் மாமா. தெரிஞ்சா ப்ராஜெக்ட்டா குடுத்துடுவாங்க."

அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.