பட்டில் ஒட்டிய கடல்

பிளிமத், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

நாகப்பட்டினத்தில் வாசலிலேயே கடல் கிடக்க, அதைப் படிக்க இங்கிலாந்துக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். அவ்வளவு தூரம் போனவன் கடலைப் பார்க்கவாவது செய்கிறானா என்று கேட்டிருந்தால் இன்னும் நியாயம். கடல் ஆராய்ச்சி மாணவன் என்றால் திமிங்கிலத்தோடு நீந்துகிறவன் என்று டிவி சொல்லிவைத்திருக்கிறது. உண்மையில் அவன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, பொடிப்பொடியான ஜந்துக்களை எண்ணிக்கொண்டிருப்பவன். அலுப்புத் தட்டும் வேலை. ஆனால் இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் கடலைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெறும் ஞாபகப் பேச்சு. அந்தக் காலத்தில் வஞ்சிரம் இவ்வளவு நீளம் என்று பெரியவர்கள் கையை விரித்துக் காட்டுகிறார்களே, அந்தக் கை வருஷா வருஷம் கொஞ்சம் கூடுதலாக விரிகிறது. அதை வைத்து எந்தக் கடலையும் அளக்க முடியாது.

அலிஸ்டர் ஹார்டி என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகக் கூட்டுக்குள் பட்டுத்துணியைச் சுருட்டி வைத்து, வணிகக் கப்பல்களின் பின்னால் கட்டி, சுமார் 10 மீட்டர் ஆழத்தில் இழுத்துப்போக விட்டார். கப்பல் ஓட ஓட, தண்ணீரின் வேகத்திலேயே விசிறி சுழன்று பட்டு நகரும். அதில் பிளாங்டன் என்ற நுண்ணிய மிதவை உயிர்கள் ஒட்டும். மேலே இன்னொரு பட்டு மூடும். இரண்டும் சேர்ந்து பார்மலினில் போய்ச் சுருண்டுகொள்ளும். 1931இல் தொடங்கிய இந்த ஏற்பாடு, போர்க்கால இடைவெளி போக, இன்றும் நடக்கிறது. இன்றும் பட்டுதான் (காஞ்சிபுரத்தில் சொல்லிவிடாதீர்கள், நெஞ்சு வெடித்துவிடும்). கரைக்கு வந்த துணியை, 10 கடல் மைலுக்கு ஒரு துண்டு என்று வெட்டி, முதலில் பச்சை நிறம் எவ்வளவு என்று வெறுங்கண்ணால் நான்கு தரத்தில் ஒன்றாகக் குறிப்பார்கள். பிறகு எண்ணுவார்கள். எண்ணும் முறையை 1958க்குப் பிறகு மாற்றவே இல்லை. புதுமை புதுமை என்று கூவும் விஞ்ஞானத்தில் இப்படி ஒரு பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முறையை மாற்றினால், மாறியது கடலா நாமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதனால் என்ன பிரயோஜனம் என்பீர்கள். நீங்கள் மட்டுமல்ல, 1980களின் இறுதியில் பிரிட்டனில் நிதி கொடுப்பவர்களும் அதையேதான் கேட்டார்கள். திட்டம் மூடப்படும் நிலைக்கு வந்து, ஹார்டி பெயரில் ஒரு அறக்கட்டளை அமைத்துத்தான் காப்பாற்றினார்கள். அன்றைக்கு மூடியிருந்தால், 2002இல் வந்த ஒரு முக்கியமான முடிவு கிடைத்திருக்காது: வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீரில் வாழும் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளின் கூட்டங்கள் 40 ஆண்டுகளில் சுமார் 10 பாகை வடக்கே நகர்ந்துவிட்டன. வட கடலில் காட் மீன்குஞ்சுக்கு ஏற்ற இரை குளிர்நீர்க் கோபிபாட் இனமான கலானஸ் ஃபின்மார்க்கிகஸ். அதன் இடத்துக்கு வந்த வெப்பநீர் இனமான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் பெருகுவதோ இலையுதிர் காலத்தில். குஞ்சுக்குப் பசிக்கும் வசந்தத்தில் பந்தியில் சாப்பாடு இல்லை. இந்த இரண்டு இனத்தையும் பிரித்தறிய ஐந்தாவது ஜோடிக் காலின் உள்விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீட்டில் ஜாதகம்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை.

செயற்கைக்கோள் இருக்கிறதே, கேமரா இருக்கிறதே, மனிதன் எதற்கு என்று தம்பி கேட்பான். அவனுக்குச் சொல்லுங்கள்: கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே முதல் கருவி விண்வெளிக்குப் போனது 1978இல். அதற்கு முந்தைய கடலைப் பற்றி அதனிடம் கேட்க முடியாது. எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் ஐந்தாவது கால் அதற்குத் தெரியவும் தெரியாது. கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து இனம் பிரிக்கக் கற்றுக்கொள்ளும், வாஸ்தவம். ஆனால் கற்றுக்கொடுக்க, முதலில் எண்ணிப் பார்த்த ஒருவர் வேண்டும். தவிர, எதை எண்ண வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஹார்டியின் கருவியில் ஏதாவது சிக்கி இழுவை கெட்டுப்போனால், என்ன சிக்கியது என்று ஒரு வரி எழுதிவைப்பது வழக்கம். பழுதுக்குச் சொல்லும் சமாதானம், அவ்வளவுதான். 1957இல் பிளாஸ்டிக் மீன்பிடிக் கயிறு, 1965இல் அயர்லாந்துப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தச் சமாதானங்களை எல்லாம் 2019இல் சேர்த்துப் பார்த்தபோது, கடலில் பிளாஸ்டிக் பெருகியதற்கு 60 ஆண்டுச் சாட்சி கிடைத்தது.

நம் ஊரிலேயே இதைச் செய்யலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் பல தலைமுறையாகக் கடலைப் படித்து வருகிறார்கள். பிளாங்டனை அறிந்தவர்களுக்கு அங்கே குறைவில்லை. இங்கே அதிகமாக இருப்பது பழைய நோட்டுப்புத்தகம். அதை எப்படித் தொடர்ந்து எழுதுவது, யார் காசு கொடுப்பது, கேள்வி கேட்கும் அரசை எப்படிச் சமாளிப்பது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே கற்க வேண்டியிருக்கிறது. வங்காள விரிகுடாவுக்கு அப்படி ஒரு பட்டுச்சுருளை இன்றைக்கே தொடங்கினாலும், அதன் அருமை தெரிய நம் பேரப்பிள்ளைகள் வர வேண்டும் என்பதுதான் சிக்கல்.

படிப்பு எப்போது முடியும் என்று அத்தை கேட்டிருந்தார்கள். உதவித்தொகை இங்கே பெரும்பாலும் மூன்றரை, நான்கு ஆண்டுகளுக்குத்தான். கோபிபாட்டுக்கு அந்தக் கெடு தெரியாது. பெண் வீட்டார் விசாரித்தால், மாப்பிள்ளைக்குக் கணக்கெடுப்பு வேலை, சம்பளம் மானியத்தில் வருகிறது என்று சொல்லுங்கள். இரண்டும் பொய்யில்லை. எதைக் கணக்கெடுக்கிறான் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்